கழிவு நிறுவனத்தில் நவீன அடிமைமுறையைத் தடுக்க: உறுதிமொழியா, தணிக்கையா, நேரடி வேலையா, தொழிலாளர் குரலா?

கழிவு நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பிலோ கொள்முதல் பொறுப்பிலோ இருப்பவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அடிமை உழைப்பு, அதாவது மிரட்டியோ ஏமாற்றியோ கடனில் கட்டிப்போட்டோ வாங்கும் வேலை, நம் நிறுவனத்துக்குள் நுழையாமல் தடுக்க ஏதாவது செய்தாக வேண்டும். சட்டம் கேட்கிறது, ஒப்பந்தம் தரும் நகராட்சி கேட்கிறது, மனசாட்சியும் கேட்கிறது. ஒதுக்கிய பணமோ கொஞ்சம். சப்ளையர்களிடம் உறுதிமொழி வாங்குவதா, வெளியாளை வைத்துத் தணிக்கை செய்வதா, ஆள் அனுப்பும் ஏஜென்சியை விட்டுவிட்டு ஆட்களை நேரடியாக எடுப்பதா, தொழிலாளர்கள் வாய் திறக்க வழி அமைப்பதா?

நான்கும் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தெரியாமல்தானே கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழிவு நிறுவனத்துக்குப் பெரிய ஆபத்து எங்கோ தூர தேசத்துத் தொழிற்சாலையில் இல்லை. அது உங்கள் சொந்தக் கொட்டகைக்குள் ஓடும், குப்பையைத் தரம்பிரிக்கும் பெல்ட்டில் இருக்கிறது. அந்த பெல்ட்டில் நிற்கும் ஆள் யார் மூலமாக, என்ன கடனோடு, யாருக்குப் பயந்து அங்கே வந்து நின்றார் என்று கண்டுபிடிக்க உதவும் வழிக்குத்தான் முதல் பணம் போக வேண்டும்.

பிரிட்டனில் மேற்கு மிட்லண்ட்ஸ் போலீஸ் நடத்திய ‘ஆபரேஷன் ஃபோர்ட்’ விசாரணையைப் பாருங்கள். அதில் 2019-இல் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நல்ல வேலை, தங்க இடம் என்று ஆசைகாட்டி போலந்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல் இருப்பார்கள் என்பது போலீஸின் கணிப்பு. வீடில்லாதவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். பண்ணைகளுக்கும் கோழி இறைச்சி ஆலைகளுக்கும் போலவே மறுசுழற்சி மையங்களுக்கும் இவர்களை அனுப்பினார்கள். தொழிலாளியின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பார்கள், அதன் அட்டை கும்பலின் கையில் இருக்கும். சம்பளம் கணக்குக்கு வரும், அவர் கைக்கு வராது. வேலை கொடுத்தவரின் ஏட்டைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

ஏடு ஒழுங்காக இருக்கும்போதே அடிமைமுறை நடக்கலாம் என்ற இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான்கு வழிகளையும் பிரித்துப் பார்க்க இதுவே உதவும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த வழி பெல்ட் வரை போய்ச் சேருகிறதா என்பது. தலைமை அலுவலகத்துக் கோப்போடு நின்றுவிடும் வழியால் பயன் குறைவு. இரண்டாவது, ஏடு சுத்தமாக இருக்கும் இடத்திலும் அது எதையாவது பிடிக்குமா என்பது. மூன்றாவது, ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு அதனால் நன்மையா கெடுதலா என்பது. இதைப் பலரும் கேட்பதே இல்லை; இதற்குத் தனியாகக் கடைசியில் வருகிறேன். நான்காவது செலவு. பில்லில் வரும் தொகை ஒரு பக்கம், பில்லில் வராத செலவு இன்னொரு பக்கம். ஐந்தாவது, சங்கிலியில் எவ்வளவு தூரம் போகிறது என்பது.

அந்த ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்ற பல தொழில்களுக்குப் பொருள் உள்ளே வரும் பக்கம்தான் பெரிய கவலை. கழிவு நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு. கையுறை, சீருடை, வண்டி, ஒப்பந்த ஆட்கள் எல்லாம் உள்ளே வருகின்றன. பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் பொதி, பழைய துணி, மின்னணுக் கழிவு, உலோகத் துண்டு எல்லாம் வெளியே போகின்றன. வாங்கிப் போனவர் அதை எங்கே, யாரை வைத்துப் பிரிக்கிறார் என்பதும் உங்கள் சங்கிலிதான்.

இந்தத் தொழிலில் ஆபத்து ஏன் கூடுதல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தரம்பிரிக்க மொழி தேவையில்லை, முன் அனுபவம் தேவையில்லை. நாற்றத்திலும் தூசியிலும் நிற்க மனமில்லாமல் ஆட்கள் அடிக்கடி விலகுவார்கள், அதனால் புது முகத்தை யாரும் கவனிப்பதில்லை. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. முகமூடியும் கண்ணாடியும் முகத்தை மறைத்துவிடும். பல இடங்களில் வேலை இரவு ஷிப்டில். போதாததற்கு, ஒப்பந்தம் குறைந்த விலைக்காரருக்கே போவதால் ஆட்கூலியில்தான் முதலில் கைவைப்பார்கள். 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் அதில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்றும் அது சொல்கிறது. பெல்ட்டில் நிற்பவர்களில் புலம்பெயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

## வழி 1: உறுதிமொழியும் கேள்வித்தாளும்

சப்ளையர்களுக்கு நடத்தை விதி அனுப்புவது, ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள் நிரப்பச் சொல்வது. பெரும்பாலோர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சட்டமும் அந்தத் திசையில்தான் தள்ளுகிறது. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களிடம் ஆண்டறிக்கை கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் 2018 சட்டம் 10 கோடி ஆஸ்திரேலிய டாலரை வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் பிரிட்டன் சட்டத்தின்படி, ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதி வெளியிட்டாலும் அது அறிக்கைதான். அறிக்கை வெளிவந்துவிட்டதாலேயே தடுப்பு நடந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் செலவு குறைவு, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சப்ளையர்களை எட்டலாம். ஆனால் பெல்ட் வரை போகாது. கட்டாய உழைப்பை வைத்துப் பிழைப்பவர் ‘எங்களிடம் கட்டாய உழைப்பு உண்டா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் போடப் போவதில்லை. பில்லில் வராத செலவும் இருக்கிறது. சின்ன சப்ளையர் ஒருவருக்கு வெவ்வேறு வாடிக்கையாளர்களிடமிருந்து இதே மாதிரி கேள்வித்தாள்கள் வந்து குவியும். அவர் நேரமெல்லாம் அதிலேயே போகும். உங்கள் பக்கத்தில், கோப்பு நிறைந்ததும் வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம் தருகிறது.

இருந்தாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி இல்லாவிட்டால் மற்ற மூன்று வழிகளுக்கும் கால் ஊன்ற இடமிருக்காது. முதல் வரி: எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வேலையைத் துணைக் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது வரி: சம்பளப் பட்டியலைப் பார்க்கவும் தொழிலாளர்களிடம் தனியாகப் பேசவும் எங்களுக்கு உரிமை உண்டு. முப்பது பக்க நடத்தை விதியை விட இந்த இரண்டு வரி வலிமையானது.

## வழி 2: வெளியாள் தணிக்கை

தணிக்கை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து சப்ளையரின் இடத்தையும் உங்கள் இடத்தையும் பார்க்கச் சொல்வது. சுயமாக நிரப்பிய கேள்வித்தாளை விட இது மேல், ஒரு மனிதர் நேரில் போகிறார். கையுறை, சீருடை மாதிரி வெளிநாட்டில் தயாராகும் பொருளுக்கு நீங்களே போய்ப் பார்க்க முடியாத இடத்தில் இதற்கு மதிப்பு உண்டு.

அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் 2012 ஆகஸ்டில் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். பூட்டிய கதவும் கம்பி போட்ட ஜன்னலும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். அதையே பிடிக்காத தணிக்கை, ஒரு தொழிலாளியின் வங்கி அட்டை வேறொருவர் பையில் இருப்பதை எப்படிப் பிடிக்கும்?

தணிக்கைக்கு வருபவர் பகலில் வருவார், பெரும்பாலும் முன்கூட்டித் தேதி சொல்லிவிட்டு வருவார். அவர் சந்திக்கும் தொழிலாளர்களைச் சூப்பர்வைசர் தேர்ந்தெடுப்பார். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்க்க வருபவரும் அதே கும்பலைச் சேர்ந்தவராக இருக்கலாம். இந்த மூன்றையும் மாற்றினால் தணிக்கைக்கு உயிர் வரும்: சொல்லாமல் இரவு ஷிப்டில் வரவேண்டும், பேச வேண்டிய ஆட்களைத் தணிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரைத் தன்னோடு அழைத்துவர வேண்டும். கட்டணம் கூடும். கூடட்டும், பத்து இடத்தில் பெயருக்குப் பார்ப்பதை விட மூன்று இடத்தில் ஒழுங்காகப் பார்ப்பது நல்லது.

## வழி 3: ஏஜென்சியை விட்டு நேரடியாக எடுப்பது

ஆட்களை அனுப்ப ஒரு ஏஜென்சி, அதற்குக் கீழே இன்னொரு ஏஜென்சி, அதற்கும் கீழே ஆள்பிடிக்கும் ஒரு கங்காணி என்று அடுக்கு கூடக் கூட, பெல்ட்டில் நிற்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் மறைவிடம் கூடுகிறது. நேரடியாக வேலைக்கு எடுத்தால் அந்த அடுக்குகள் ஒரேயடியாக விழுந்துவிடும். நீங்களே முகம் பார்த்துப் பேசுகிறீர்கள், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பித் தருகிறீர்கள், சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். பெல்ட்டை எட்டும் வழிகளில் இதுதான் முதன்மையானது.

பில்லில் வராத செலவு இதில் நிறைய. கழிவின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். குறைவான மாதங்களிலும் நிரந்தர ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆள் எடுக்க, பயிற்சி தர, விடுப்புக்கு மாற்று ஆள் போட என்று மனிதவளப் பிரிவில் கூடுதல் ஆட்கள் தேவை. நேர்மாறாக, ஆட்கள் நிலைத்து நிற்பதால் பயிற்சிச் செலவு குறையும், பொதியில் கலப்படம் குறைந்து விலை ஏறும். இந்த வரவையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் ‘நேரடி வேலை கட்டுப்படியாகாது’ என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

நேரடியாக எடுத்தாலே ஆபத்து ஒழிந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ‘வேலை வாங்கித் தருகிறேன்’ என்று உள்ளே இருக்கும் சூப்பர்வைசரே ஊர்க்காரர்களிடம் பணம் வாங்குவதுண்டு. கும்பல்கள் ஆட்களைத் தனித்தனியாக நேர்முகத்துக்கு அனுப்பவும் செய்யும். அதனால் யார் எடுத்தாலும் சம்பளப் பட்டியலைச் சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி அலசிப் பாருங்கள். ஒரே வங்கிக் கணக்குக்கு இரண்டு மூன்று பேரின் சம்பளம் போகிறதா? ஒரே முகவரியில் பத்துப் பேரா? ஒரே செல்பேசி எண் பல பெயர்களுக்கு எதிரே இருக்கிறதா? அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று எல்லோரும் ஒரே ஆளின் பெயரைக் கொடுத்திருக்கிறார்களா? கணினியில் அரை நாள் வேலை, செலவு இல்லை. கணவன் மனைவி ஒரே கணக்கு வைத்திருக்கலாம், அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருக்கலாம். எனவே இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியை முழுதாக விட முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஆண்டு முழுக்கத் தேவைப்படும் அடிப்படை ஆட்களை நேரடியாக எடுத்துவிட்டு, பருவ நெருக்கடிக்கு மட்டும் ஒரே ஒரு ஏஜென்சியை வைத்துக்கொள்வது. அந்த ஏஜென்சியின் விலையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரச் சட்டபூர்வக் கூலி 100 என்று வைத்துக்கொள்வோம். விடுப்புச் சம்பளம், முதலாளி கட்ட வேண்டிய காப்பீடு, நிதி எல்லாம் சேர்ந்து இன்னொரு 20. ஆக, ஏஜென்சிக்கு லாபமே இல்லாவிட்டாலும் 120. அவர் 114-க்கு ஆள் தருகிறேன் என்றால் அந்த ஆறு எங்கிருந்து வருகிறது? பெல்ட்டில் நிற்பவரின் சட்டைப் பையிலிருந்து. அந்த விலையை ஏற்றுக் கையெழுத்துப் போடும் கொள்முதல் அதிகாரிக்கும் இதில் பங்குண்டு.

இன்னொரு நிபந்தனை: ஆள்பிடிப்புக் கட்டணம் எதையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, எடுப்பவரே கொடுக்க வேண்டும். 2020-இல் அமெரிக்கச் சுங்கத் துறை மலேசியாவின் பெரிய ரப்பர் கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கைத் தடுத்தது. வேலைக்கு வர ஏஜென்ட்டுகளிடம் கட்டணம் கட்டிக் கடனில் விழுந்திருந்த தொழிலாளர்களுக்கு அந்தப் பணத்தை நிறுவனம் திருப்பித் தந்தது. 2021-இல் தடை நீங்கியது. உங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் கையுறைக்குப் பின்னாலும் இப்படி ஒரு கடன் இருக்கலாம்.

## வழி 4: தொழிலாளர் வாய் திறக்க வழி

வெளியார் நடத்தும் தொலைபேசி எண், பல மொழிகளில் சுவரொட்டி, தொழிற்சங்கத்தோடு உடன்பாடு, வேலைத்தளத்துக்கு வெளியே ரகசியப் பேட்டி. இதோடு முன்வரிசை ஊழியர்களுக்குப் பயிற்சி. ஏடு சுத்தமாக இருக்கும் இடத்திலும் எதையாவது பிடிக்கும் வழி என்றால், நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சுவரொட்டியை எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதே பாதி விஷயம். உணவறைச் சுவரில் ஒட்டினால், கும்பலுக்காகக் கண்காணிக்க நிற்பவன் கண்முன்னே யாரும் எண்ணைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், அங்கே மட்டும்தான் தொழிலாளி தனியாக இருப்பார். கிழித்துக்கொண்டு போகும்படி சின்னத் துண்டுகளாக எண்ணை அச்சிடலாம்.

பயிற்சி யாருக்கு என்பதிலும் தவறு நடக்கிறது. மேலாளர்களுக்குக் கணினியில் ஒரு பாடம் நடத்திவிட்டு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பார்ப்பவர்கள் வாயிற்காவலரும் எடைமேடைக் குமாஸ்தாவும் வண்டி ஓட்டுநரும்தான். ஒரே வேனில் பன்னிரண்டு பேர் வந்து இறங்குவது, எல்லோருக்கும் பதில் சொல்ல ஒரே ஆள் முன்னால் வருவது, அடையாள அட்டைகள் எல்லாம் ஒருவர் பையிலிருந்து வெளிவருவது, தன் வீட்டு முகவரியைக் கேட்டால் ஒருவர் திரும்பி இன்னொருவரின் முகத்தைப் பார்ப்பது, குளிரிலும் மழையிலும் ஒரே உடுப்போடு வருவது இவையெல்லாம் அவர்கள் கண்ணில்தான் படும். இவர்களிலும் பலர் ஒப்பந்த ஊழியர்கள், அதனால் பயிற்சிப் பட்டியலில் பெயர் இருக்காது.

இதன் மறைமுகச் செலவு, பதில் சொல்லும் பொறுப்பு. அழைப்பு வந்தால் அன்றே நகர ஒரு ஆள் வேண்டும். முதல் அழைப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் இரண்டாவது அழைப்பு வராது. ஆண்டு முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை என்பதைப் பிரச்சினை இல்லை என்று படிக்கவும் கூடாது. பயமும் கடனும் உள்ளவர் நம்பிக்கை வரும் வரை பேச மாட்டார்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உறுதிமொழி | தணிக்கை | நேரடி வேலை | தொழிலாளர் குரல் |
|---|---|---|---|---|
| பெல்ட்டை எட்டுமா | இல்லை | இரவில், சொல்லாமல் வந்தால் | ஆம் | ஆம் |
| ஏடு சுத்தமான இடத்தில் பிடிக்குமா | இல்லை | அரிது | சம்பளப் பட்டியலை அலசினால் | ஆம், நம்பிக்கை வந்த பின் |
| பில்லில் வரும் செலவு | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் | நடுத்தரம் |
| பில்லில் வராத செலவு | பொய்யான நிம்மதி | ஒத்திகை பார்த்த பதில்கள் | வேலை குறைந்த மாதச் சம்பளம் | உடனே நகரும் பொறுப்பு |
| சங்கிலியில் எவ்வளவு தூரம் | பரந்தது, ஆழமற்றது | ஓரிரு அடுக்கு | சொந்த இடம் மட்டும் | சொந்த இடமும் கூட்டாளிகளும் |

## யாருக்கு எது

தரம்பிரிக்கும் ஆலை நடத்துகிறீர்கள், பெல்ட்டில் பாதிப் பேர் ஏஜென்சி ஆட்கள் என்றால், அடிப்படை ஆட்களை நேரடியாக எடுக்கும் நடுவழியையும் கழிப்பறைக் கதவுச் சுவரொட்டியையும் இந்த ஆண்டே தொடங்குங்கள். தணிக்கைக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்தாவது செய்யுங்கள்.

வண்டி ஓட்டிச் சேகரிப்பது மட்டும்தான் வேலை, ஆட்கள் பல ஆண்டுகளாக நேரடியாக இருப்பவர்கள், சங்கம் வலுவாக இருக்கிறது என்றால் சொந்த இடத்தில் ஆபத்து குறைவு. உங்கள் பணம் கையுறை, சீருடை சப்ளையர் தணிக்கைக்கும் ஓட்டுநர் பயிற்சிக்கும் போகலாம். ஓட்டுநர் வீதி வீதியாகப் போகிறவர், வாடிக்கையாளர் இடத்தில் நடப்பதும் அவர் கண்ணில் படும்.

மிகச் சின்ன நிறுவனம், தனி ஆளை நியமிக்க வசதியில்லை என்றால், ஒப்பந்தத்தில் அந்த இரண்டு வரி, சம்பளப் பட்டியல் அலசல், விலையைப் பிரித்துக் காட்டும் நிபந்தனை. மூன்றுக்கும் பணம் வேண்டாம், ஒருவர் முனைந்தால் போதும்.

பிரித்த பொருளை வெளிநாட்டுக்கு விற்கிறீர்கள் என்றால் நிலைமை கடினம். கலப்பான, அழுக்கான பிளாஸ்டிக்கை ஏற்றுமதி செய்ய இறக்குமதி நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்று, ஆபத்தான கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 2021 ஜனவரி முதல் கேட்கிறது. ஆனால் அது சுற்றுச்சூழல் விதி, பிரிப்பவரின் நிலைமையை அது பார்ப்பதில்லை. நல்ல விலை கொடுப்பவர் யாரென்று பார்ப்பதோடு நிற்காமல், பொதி கடைசியாகப் பிரிக்கப்படும் ஆலையின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல மறுப்பவருக்கு விற்காதீர்கள்.

முறைசாராக் குப்பை சேகரிப்பவர்களிடம் வாங்கும் நிறுவனங்கள் பயந்துபோய் அவர்களை ஒரேயடியாக விலக்கிவிடுவதுண்டு. இது தவறு. உலகில் கழிவு, மறுசுழற்சி வேலை செய்யும் 1.9 முதல் 2.4 கோடிப் பேரில் 40 லட்சம் பேருக்கு மட்டுமே முறையான வேலை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2013-இல் மதிப்பிட்டது. விலக்கப்பட்டவர் அடுத்த நாள் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் இடைத்தரகரிடம்தான் போவார். சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்தவர்களிடம் நேரடியாக வாங்கி, எடைக்கு எடை உடனே பணம் கொடுப்பது அவரைக் கடனிலிருந்து காக்கும்.

## கண்டுபிடித்த அன்று

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை முன்கூட்டி எழுதி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் பதற்றத்தில் எடுக்கும் முடிவு பாதிக்கப்பட்டவரைத்தான் அடிக்கும். சந்தேகம் வந்ததும் ஏஜென்சியை ரத்து செய்து, அதன் ஆட்களை அன்றே வெளியே அனுப்புவதுதான் வழக்கமாக நடப்பது. நிறுவனத்தின் பெயர் தப்பிக்கும். அந்த ஆட்கள் வேலையும் தங்குமிடமும் போய் அதே கும்பலின் வீட்டுக்குத் திரும்புவார்கள், அடுத்த வாரம் வேறொரு பெல்ட்டில் நிற்பார்கள்.

கும்பலைச் சேர்ந்தவர் என்று நீங்கள் சந்தேகிக்கும் ஆளிடம் நேரடியாக மோதாதீர்கள், உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குக் குறிப்பும் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரை சூப்பர்வைசர் முன்னிலையில் கேள்வி கேட்காதீர்கள், சக தொழிலாளியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதிக்கொண்டு, போலீஸிடமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்பிடமும் போங்கள். யாருக்காவது உடனடி ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே போலீஸை அழையுங்கள். கண்காணிப்பு கேமராப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் அழியாமல் பத்திரப்படுத்துங்கள். சில நாடுகளில் குடியேற்ற ஆவணம் சரியில்லாத தொழிலாளி போலீஸிடம் போனால் அவரே நாடுகடத்தப்படலாம். அங்கே முதலில் உதவி அமைப்பின் வழக்கறிஞரிடம் பேசி, தொழிலாளியின் சம்மதத்தோடு நகருங்கள்.

கும்பல் எடுத்துக்கொண்ட சம்பளத்தை ஈடுகட்ட நிறுவனம் எவ்வளவு ஒதுக்கும், பாதுகாப்பான தங்குமிடத்துக்கு யார் பணம் கட்டுவார், அந்த ஆட்கள் விரும்பினால் நேரடி வேலையில் சேர்த்துக்கொள்ள முடியுமா, இந்த முடிவுகளை எடுக்க இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்ப வேண்டும் என்ற நான்குக்கும் பெயரோடும் தொகையோடும் பதில் எழுதி, நிர்வாக இயக்குநரின் கையெழுத்தை வாங்கிவிட்டு, அதன் பிறகு சுவரொட்டியை ஒட்டுங்கள்.